அழாமல் கழற்றிய வாசக்கால்

பி பிளாக், நான்காம் மாடி
12.6.2024

அன்புள்ள தம்பி கார்முகிலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் பிரவீனாவும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம். என் காது மட்டும் போன இடத்திலேயே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது.

நேற்று நீ போன் செய்தபோது பிரவீனா என்னிடம் கொடுத்தாள். கொசு பாடுவது போலத்தான் கேட்டது. பதினோரு வருஷம் பிரஸ் ஷாப்பில் தகடு அடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்ற காதில் உன் குரல் எங்கே ஏறும்? பெற்ற மகளை நடுவில் வைத்துப் பேசினால் பாதிக்கு அவளே பதில் சொல்லிவிடுகிறாள். அதனால் இனி நமக்குக் கடிதம்தான். உன் கோழிக்கிறுக்கலையும் சகித்துக்கொள்கிறேன்.

நாவல்தாங்கலிலிருந்து நம்மை லாரியில் ஏற்றி இங்கே இறக்கி நாலு மாசம் ஆகிறது. முப்பத்துநான்கு வீடும் சேர்ந்து மனித உரிமை ஆணையத்தில் மனுப் போட்டுவிட்டோம். வக்கீல் கலைமணி மேடம் எழுதிக் கொடுத்தார்கள். என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். காது கேட்காதவளை யார் மிரட்டி என்ன பிரயோசனம் என்று கிளியம்மாள் சொல்ல, எல்லோரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள்.

நாம் கேட்பது இரண்டு. பிப்ரவரி பதினேழாம் தேதி காலை நடந்தது கட்டாய வெளியேற்றம் என்று ஆணையம் சொல்ல வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் தூரத்தில் பட்டாவோடு இடம் தர வேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடைக்காது என்கிறார்கள் மேடம். ‘அவர்களாகவே போனார்கள்’ என்று ஒரு வரி பதிவாகிவிட்டால் நமக்கு ஒரு பிடி மண்ணும் கிடையாது.

நீ அன்று என் பக்கத்திலேயே நின்றாய். எல்லாவற்றையும் பார்த்தாய். ஆணையத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்பு. எந்தக் கம்பெனியின் ரோட்டுக்காக நம்மை எழுப்பினார்களோ அந்தக் கம்பெனியிலேயே நீ வேலை செய்கிறவன் என்பதால் உன் சொல்லுக்கு எடை அதிகம் என்கிறார்கள்.

நீ பர்மனென்ட் ஆனதை இங்கே நாலு மாடிக்கும் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை எதிர்பார்க்கும் அக்கா,
காந்திமதி


கம்பெனி ஹாஸ்டல், ஒரகடம்
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கார்முகில் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். முதுகு பரவாயில்லை. உன் காதுக்கு அந்த டாக்டர் சொன்ன மெஷினை வாங்கினாயா? பிரவீனா புதுப் பள்ளிக்கு மாறிவிட்டாளா?

உன் கடிதத்தை ஹாஸ்டல் வார்டன் பிரித்துப் பார்க்காமல் கொடுத்தார். இங்கே யாருக்கும் கடிதம் வருவதில்லை. கோர்ட்டு சம்மனா என்று ரூமில் எல்லோரும் கேட்டார்கள்.

வாக்குமூலம் விஷயம். நான் பர்மனென்ட் ஆகியிருந்தாலும் இன்னும் ஆறு மாசம் பார்ப்பார்களாம். அதற்குப் பிறகுதான் கன்ஃபர்ம் செய்வார்கள். மனுவில் கம்பெனியின் அணுகுசாலை என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அதில் என் பெயரும் வந்தால் சூப்பர்வைசர் என்ன நினைப்பார் என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து எழுதித் தருகிறேன். முப்பத்துநான்கு வீட்டார் சொல்வது போதாதா?

இப்போது லைனில் ஆள் குறைவு. ஓவர்டைம் மேல் ஓவர்டைம். நாவல்தாங்கல் இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நான் அந்தப் பக்கம் போவதில்லை. வடக்குப்பட்டு வழியாகச் சுற்றித்தான் போகிறேன்.

பிரவீனாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் தம்பி,
கார்முகில்


பி பிளாக்
4.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் காய்ச்சல். நீ எப்படி இருக்கிறாய்? பிரவீனா பள்ளி மாறவில்லை. பிளஸ் டூ பாதியில் எங்கே மாறுவது? விடியற்காலையில் எழுந்து இரண்டு பஸ் பிடித்துப் பழைய பள்ளிக்கே போகிறாள். போன வாரம் பஸ்ஸில் தூங்கி எங்கேயோ போய் இறங்கினாள்.

ஆணையத்தில் எதிர்த்தரப்பு பதில் மனு கொடுத்துவிட்டது. அதில் எழுதியிருப்பதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: ‘மேற்படி நபர்கள் தாங்களாகவே மகிழ்ச்சியுடன் பூஜை செய்து, தங்கள் வீடுகளைப் பிரித்துக்கொண்டு, மாற்றுக் குடியிருப்புக்குச் சென்றனர்.’ அதற்குச் சாட்சியாக ஒரு போட்டோவையும் சேர்த்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்தது கறுப்பாக அப்பிக் கிடக்கிற ஜெராக்ஸ். ஒரு பொம்பளை வாசக்காலுக்குக் குங்குமம் வைக்கிறாள். புடவைக் கட்டத்தை வைத்துத்தான் அது நான் என்று கண்டுபிடித்தோம்.

உனக்குத் தெரியாததா? இடிக்கிற மெஷின் வருகிறது என்று முதல் நாளே கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். சுவர் போனால் போகட்டும், வாசக்காலை மெஷின் உடைக்கக் கூடாது என்றுதானே விடிந்ததும் நாமே கழற்றினோம்? அதில் குடியிருக்கிறவளுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ‘எங்ககூட வந்துடு தாயே’ என்று கூப்பிட்டுத்தானே எடுக்க வேண்டும்? எடுக்கும்போது அழவும் கூடாது. அழுதால் அவள் வரமாட்டாள். நம் அம்மா மடிப்பாக்கத்துக் குடிசையைப் பிரித்தபோதும் அப்படித்தான் செய்தாளாம். இதைப் போய் மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறார்களே, எழுதினவன் வீட்டில் வாசலே கிடையாதா?

இங்கே வீட்டுக்கு எல்லாம் இரும்பு நிலை. முப்பத்துநான்கு வாசக்காலும் மாடிப்படி அடியில் சாய்ந்து நிற்கின்றன. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போய் அவரவர் வாசக்காலுக்குப் பொட்டு வைத்துவிட்டு வருகிறோம். பார்க்கிறவர்கள் மரக்கடை என்கிறார்கள்.

போட்டோ எடுத்துக் கொடுத்தது யார் என்று இங்கே ஒரே பேச்சு. எல்லோரும் சுடலைக்கண்ணு என்கிறார்கள். நம் பின்பக்க ரூமில் வாடகைக்கு இருந்தானே, தூத்துக்குடிப் பையன். உன் கம்பெனியில்தான் கான்ட்ராக்டில் இருக்கிறான். அந்தச் செப்புக் காப்பு போட்ட கையில் எந்நேரமும் போன் இருக்கும், ஆடு குட்டி போட்டாலும் ஸ்டேட்டஸ் வைப்பான். வேறு யார் இதைச் செய்வார்கள்? நேற்றுக் கூட்டத்தில் மனுவிலிருந்து அவன் பெயரையும், வாடகைக்கு இருந்த மற்ற ஆறு பேர் பெயரையும் அடித்துவிட்டோம். அடித்தது நான்தான், என் கையெழுத்தோடு.

அவனை எங்கேயாவது பார்த்தால், ஏன் இப்படிச் செய்தாய் என்று நீயே கேள்.

கோபத்தோடு,
அக்கா


ஒரகடம்
20.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது. நீயும் பிரவீனாவும் சுகமா?

சுடலைக்கண்ணுவை நான் பார்க்கவில்லை. அவன் வேறு ஷிப்ட்.

அக்கா, போட்டோவை யார் எடுத்தால் என்ன? எடுத்தவன் ஏதோ ஒரு ஞாபகத்துக்கு என்று எடுத்திருப்பான். அது இப்படிப் போய் முடியும் என்று அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். அந்தப் பேச்சை விட்டுவிட்டு வீட்டுவரி ரசீது, கரண்டு பில் இவற்றை வைத்து வாதாடச் சொல். அவன் பெயரை அடித்திருக்க வேண்டாம்.

வேறு விசேஷம் இல்லை. மழைக்காலம் வருகிறது, காதில் பஞ்சு வைத்துக்கொள்.

கார்முகில்


பி பிளாக்
6.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் என்று எழுதினாயே, ரத்தப் பரிசோதனை செய்தாயா? ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெறும் ரசம் சாதமாவது கேட்டு வாங்கிச் சாப்பிடு. நாங்கள் சுகம்.

ஆனால் நீ எழுதியதைப் படித்து எனக்குக் கோபம்தான் வந்தது. யார் எடுத்தால் என்னவா? அந்த ஒரு படம் நம் மனுவைத் தின்றுகொண்டிருக்கிறது. வீட்டுவரி ரசீது நாம் அங்கே இருந்தோம் என்றுதான் சொல்லும். எப்படிப் போனோம் என்று சொல்லுமா? நீ எப்போதிலிருந்து இவ்வளவு பெரிய மனசுக்காரன் ஆனாய்?

போன ஞாயிற்றுக்கிழமை சுடலைக்கண்ணு இங்கேயே வந்துவிட்டான். நான் வாயசைவைப் பார்த்துக் கொஞ்சம் புரிந்துகொண்டேன், மீதியைப் பிரவீனா எழுதிக் காட்டினாள். கிளியம்மாள்தான் முதலில் பாய்ந்தாள். “இன்னாத்துக்கு இங்க வந்துகினுகீற? எங்க வவுத்துல அடிச்சது பத்தலையா? இன்னும் எதுனா போட்டோ புடிக்கணுமா?”

அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். “நான் எடுக்கலக்கா. சத்தியமா எடுக்கல. என் பேர அடிச்சா அடிச்சிட்டுப் போங்க. என்கூட இருந்த பயலுவ ஆறு பேரு என்ன செஞ்சானுவ? அவனுவளும் அன்னைக்குத் தெருவுலதான நின்னானுவ?”

“நீ எடுக்கலேன்னா யாரு எடுத்தது? சொல்லேன்!” என்றாள் கிளியம்மாள். அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி இருந்தது. பிறகு, “எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் பதினாலாம் தேதி விசாரணை. என்னைத்தான் கேட்பார்களாம். அன்று லீவு போட்டுவிட்டு வா. சாட்சி சொல்ல வேண்டாம், சும்மா பின்னால் உட்கார்ந்திரு. எனக்குத் தைரியமாக இருக்கும்.

அக்கா


பி பிளாக்
19.11.2024

தம்பி,

நீ வரவில்லை. கடிதமும் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து பிரவீனாவைப் போன் செய்யச் சொன்னேன். எடுத்தாயாம், டியூட்டியில் இருக்கிறேன் என்றாயாம். சரி, உயிரோடு இருக்கிறாய்.

விசாரணை நடந்தது. எனக்குக் காது கேட்காது என்பதால் கேள்விகளைப் பேப்பரில் எழுதிக் காட்டச் சொன்னார் ஆணைய உறுப்பினர் ஐயா. நல்ல மனுஷன். எத்தனை வருஷமாக இருந்தீர்கள், கரண்டு எப்போது போனது, நோட்டீஸ் வந்ததா, எல்லாவற்றுக்கும் பட்பட்டென்று சொன்னேன். மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் போட்டோவைக் கொடுத்தார். ஜெராக்ஸ் இல்லை, பெரிய கலர் போட்டோ. அன்றுதான் அதை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன்.

வாசக்காலின் மேல்கட்டையை ஓரமாக நின்று இரண்டு கைகள் தாங்கிப் பிடித்திருக்கின்றன. ஆள் முகம் தெரியவில்லை. வலது கையில் செப்புக் காப்பு. இரண்டு கையாலும் என் வாசக்காலைத் தாங்கிக்கொண்டு நின்றவன் எப்படிப் போட்டோ எடுப்பான்? அவன் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தியவள் நான்.

நான் சிரிக்கிறேன். குங்குமத்தைப் பார்த்து இல்லை. எடுக்கிற ஆளை நேராகப் பார்த்துச் சிரிக்கிறேன். வேற்று ஆண்பிள்ளை போனைத் தூக்கினாலே முந்தானையை இழுத்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும்.

‘இந்தப் படத்தில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்? ஏன்?’ என்று பேப்பரில் எழுதி நீட்டினார்கள். கிளியம்மாள் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். “ஞாபகமில்லைங்க ஐயா” என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் மேடம் பைலை மடக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். பஸ்ஸிலும் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று வாசக்காலைக் கழற்றும்போது நான் அழுதேனா? உனக்காவது ஞாபகம் இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

காந்திமதி


ஒரகடம்
15.12.2024

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். மழையில் ஹாஸ்டலைச் சுற்றித் தண்ணீர். கன்ஃபர்ம் ஆர்டர் வந்துவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில். அழுதாய். பிறகு நிறுத்திக்கொண்டாய்.

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

கார்முகில்


பி பிளாக்
3.1.2025

அன்புள்ள கார்முகிலுக்கு,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. உன் கன்ஃபர்ம் ஆர்டருக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். உடைக்கும்போது கை வலித்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

புத்தாண்டன்று பிரவீனாவைக் கூட்டிக்கொண்டு பிள்ளைப்பாக்கம் போனேன். சுடலைக்கண்ணு அங்கேதான் ரூம் எடுத்திருக்கிறான். அடித்த ஏழு பேர் பெயரையும் திரும்ப மனுவில் சேர்த்துவிட்டோம் என்ற பேப்பரை அவன் கையில் கொடுத்தேன். மன்னித்துவிடு தம்பி என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. டீ குடிக்கீயளா?” என்று ஓடிப்போய் வாங்கி வந்தான்.

யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே பெயரை வாயில் வைத்துக்கொண்டு டீ குடித்தோம்.

கூட்டத்தில் இப்போது என் பேச்சு எடுபடுவதில்லை. “முப்பத்துநாலு வூட்டுக்கும் நீதாண்டி வாயி. அந்த வாயே ஞாபகம் இல்லேன்னா நாங்க இன்னா பண்றது?” என்று கிளியம்மாள் கேட்டாள். பிரவீனா எழுதிக் காட்டவே தயங்கினாள். கிளியம்மாள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவள் இன்னும் உள்ளே இருக்கும்போதே அவள் கூரைமேல் மெஷின் கையை வைத்தது. இன்றைக்கும் லாரி ஹாரன் அடித்தால் சாமானை எடுக்க ஓடுகிறாள்.

அம்மா போகும்போது உன் கையைப் பிடித்து என் கையில் கொடுத்தாள். உனக்கு அப்போது எட்டு வயசு. அதற்குப் பிறகு நான் அந்தக் கையை விட்டதில்லை. இப்போது முப்பத்துநான்கு குடும்பமும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நான் யார் கையை விடுவது என்று நீயே சொல்.

பிப்ரவரி ஆறாம் தேதி கடைசி விசாரணை. திரும்பவும் கேட்பார்கள். என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

காந்திமதி


ஒரகடம்
26.1.2025

அக்கா,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன். விசாரிக்கிற யோக்கியதை இப்போது எனக்கு இல்லை.

படத்தை எடுத்தது நான்தான்.

அன்றைக்கு இரண்டு நாள் முன்னால் எச்.ஆரில் ஒரு சார் என்னைக் கூப்பிட்டு, உங்க ஊர் ஞாபகமா ஆல்பம் போட்டு வீட்டுக்கு ஒன்று தருகிறோம், காலி செய்கிற அன்று காலையில் நாலு படம் எடுத்துக் கொடு என்றார். ஆல்பம் வந்தால் உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். பதினேழு படம் எடுத்தேன். பதினேழையும் அனுப்பினேன். அவர்கள் எடுத்துக்கொண்டது நாலாவதை மட்டும்.

நீ வாசக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். “அக்கா, அழாதக்கா. அழுதா அவ கூட வரமாட்டா, கொஞ்சம் சிரி” என்று நான்தான் கையை ஆட்டிக் காட்டினேன். உனக்குக் கேட்காது, ஆனால் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதைத்தான் எடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ஆறு வருஷம் கான்ட்ராக்டில் நாயாக உழைத்ததற்கு வந்ததா, அந்தப் படத்துக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது. இனியும் தெரியப்போவதில்லை. உன் ஆகஸ்ட் கடிதத்தைப் படித்த அன்றே எல்லாம் புரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். ஆர்டர் கன்ஃபர்ம் ஆகட்டும் என்று தள்ளிப் போடுவேன். கன்ஃபர்மும் ஆனது. அப்போதும் வாய் வரவில்லை. பயம்தான் அக்கா. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

சுடலைக்கண்ணுவைப் பார்க்கவில்லை என்று எழுதியது பொய். தினமும் கேன்டீனில் பார்ப்பேன், தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன். போன வாரம் வடக்குப்பட்டு பஸ் ஸ்டாப்பில் அவனே என் பக்கத்தில் வந்து நின்றான். “அண்ணே, எம்பேர அடிச்சதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. நீங்களே சொல்லிருவீயன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். ஆனா அக்காவப் பொய் சொல்ல வச்சுட்டீயளே, அதான் தாங்க முடியல” என்றான். பஸ் வந்தது. அவன் ஏறிப் போய்விட்டான். நான் ஏறவில்லை.

நேற்று வக்கீல் மேடத்தைப் பார்த்து எழுத்தில் எல்லாம் கொடுத்துவிட்டேன். பதினேழு படமும் என் போனில் அப்படியே இருக்கின்றன. அழிக்க மனசு வரவில்லை. ஐந்தாவது படத்தில் கிளியம்மாள் அக்கா கூரைமேல் மெஷின் கை இருக்கிறது, அவள் ஜன்னல் வழியாகக் கத்துகிறாள். ஒன்பதாவதில் போலீஸ் பிரவீனாவின் புத்தகப் பையைத் தெருவில் வீசுகிறார். கம்பத்திலிருந்து கரண்டு ஒயர் அறுந்து தொங்குவது எல்லாப் படத்திலும் தெரிகிறது. நேரமும் பதிவாகியிருக்கிறது. போனையே ஒப்படைக்க வேண்டும் என்றார்கள், கொடுத்துவிட்டேன். இனி எனக்கும் உன் மாதிரி கடிதம்தான்.

ஆறாம் தேதி நான் வந்து நிற்கிறேன். நீ யார் கையையும் விட வேண்டாம். என் கையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

கார்முகில்


பி பிளாக்
6.4.2025
(பெறுநர்: கார்முகில், மேற்பார்வை சுடலைக்கண்ணு, பிள்ளைப்பாக்கம்)

அன்புள்ள தம்பி கார்முகிலுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். பிரவீனா பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். சஸ்பெண்ட் ஆனவனுக்கு ஹாஸ்டலில் இடமில்லை என்றதும் சுடலைக்கண்ணு உன்னைத் தன் ரூமுக்குக் கூட்டிப்போனானாமே. அவன் போட்ட சோற்றைச் சாப்பிடும்போது தலை குனிந்து சாப்பிடு, ஆனால் வயிறாரச் சாப்பிடு.

பிப்ரவரி ஆறாம் தேதிக்குப் பிறகு உனக்கு நான் ஏன் எழுதவில்லை என்று உனக்குத் தெரியும். அன்று நீ நின்று பேசியதை மேடம் எனக்கு எழுதிக் காட்டிக்கொண்டே வந்தார்கள். உன்னை எல்லோர் முன்னாலும் அறைய வேண்டும் போலவும் இருந்தது, கூட்டிப்போய்ச் சோறு போட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வந்துவிட்டேன். நீ பேசி முடித்ததும் நான் எழுந்து, ஞாபகமில்லை என்று சொன்னது பொய், என் தம்பிக்காகச் சொன்னேன் என்று சொல்லி அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். செயலாளர் வேலையைக் கிளியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அவள் இன்னும் உன் பெயரைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறாள். ஐந்தாவது படத்தில் தன்னைப் பார்த்த அன்று மட்டும் அந்தப் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆணையத்தின் உத்தரவு வந்துவிட்டது. இருபத்திரண்டு பக்கம். எனக்கு வேண்டிய பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன். பார்த்து எழுதுகிறேன்: ‘பதினேழு படங்களையும் சேர்த்துப் பார்க்கையில், நடந்தது கட்டாய வெளியேற்றமே. மனுதாரரின் சிரிப்பைச் சம்மதமாகக் கொள்ள இயலாது.’ வாடகைக்கு இருந்த ஏழு பேரையும் பாதிக்கப்பட்டவர்கள் என்று சேர்த்திருக்கிறார்கள். மூன்று மாசத்துக்குள், நாவல்தாங்கலிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இடம் தர அரசுக்குப் பரிந்துரை. பரிந்துரைதான், ஆர்டர் இல்லை என்று மேடம் எச்சரித்தார்கள். மணிமங்கலம் பக்கம் ஓர் இடம் காட்டினார்கள். கல்லும் முள்ளுமாகக் கிடக்கிறது. மூன்று மாசம் மூன்று வருஷம் ஆனாலும் ஆகும். இருந்தாலும் ‘அவர்களாகவே போனார்கள்’ என்று இனி ஒருத்தனும் எழுத முடியாது.

உன் வேலை போய்விட்டால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நினைத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது. மேடம் அதையும் எடுத்து நடத்துகிறேன் என்கிறார்கள். கையெழுத்துப் போட ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. மாடிப்படி அடியில் நம் வாசக்கால் இருக்கிறது, கறையான் பிடிக்காமல் எண்ணெய் தடவ வேண்டும். என்னால் தனியாகப் புரட்ட முடியவில்லை. சுடலைக்கண்ணுவையும் கூட்டி வா, அவன் கைக்கு அது பழகிய மரம்.

என்றைக்காவது அந்தக் கல்லுக்கும் முள்ளுக்கும் நடுவில் வாசக்கால் நிறுத்துவோம். அன்று படம் நீதான் எடுக்க வேண்டும். போன வருஷம் பிப்ரவரியிலிருந்து உள்ளே அடக்கி வைத்த அழுகை எனக்கு அப்படியே இருக்கிறது. கழற்றும்போதுதான் அழக்கூடாது, வைக்கும்போது அழலாம்.

அதனால் அன்றைக்கு என்னைச் சிரிக்கச் சொல்லாதே.

உன் கையை விடாத அக்கா,
காந்திமதி